குளிர்மொட்டையில் அவிழ்ந்த கட்டு

மழை இறங்குவதற்குள் குளிர்மொட்டை மலையின் உச்சிப் பாறைக்குப் போய்த் திரும்பிவிட வேண்டும். திட்டம் அவ்வளவுதான். திட்டம் போடும்போது எந்தக் காடும் எதிர்த்துப் பேசுவதில்லை!

முன்னால் நடந்தவர் வனக்காவலர் சுடலைமுத்து. வேறு மலையிலிருந்து அந்த வாரம்தான் மாற்றலாகி வந்திருந்தார், அவருக்கும் இது புதுக் காடு. அதனால் திரும்பும் வழிக்கு அடையாளமாக மரங்களில் நாடா கட்டிக்கொண்டே போனார். அவருக்குப் பின்னால் பிரிசில்லா, பாளையங்கோட்டையில் தாவரவியல் பேராசிரியை. கடைசியில் அவருடைய ஆய்வு மாணவி சமீமா. காட்டுக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

வேலை எளிமையானது, ஆனால் இடுப்பை ஒடிப்பது. வழியில் அங்கங்கே மஞ்சள் நாடா கட்டி ஒரு சதுரம் பிடிப்பார்கள். அதற்குள் இருக்கும் செடி கொடி மரம் எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கிளையைக் கத்தரித்துப் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டுவார்கள். அந்தக் கட்டு சமீமாவின் முதுகில் கனத்துக்கொண்டே போனது.

"முடிஞ்ச இடத்துல ஒரு நாடாகூட தொங்கக் கூடாது, சமீமா. பாதுகாக்கப்பட்ட காடு. நாம வந்த சுவடே தெரியக் கூடாது," என்று காலையிலேயே சொல்லியிருந்தார் பிரிசில்லா.

"சரி மிஸ்!"

அவர்கள் தேடி வந்தது ஒரு காசித்தும்பை. ஊதா நிறம், பாறை ஈரத்தில் மட்டும் வளரும். இந்த மலையில் அதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இப்போது உயிரோடு இல்லை. பிரிசில்லா அதைத்தான் வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார்.

மதியம் உச்சிப் பாறையில் அது கிடைத்தே விட்டது! பாறை இடுக்கில் ஒரே ஒரு கொத்து. பிரிசில்லா கத்தவில்லை, குதிக்கவில்லை. நான்கைந்து படம் எடுத்தார். பிறகு ஒரு தண்டைக் கத்தரிக்க இடுக்குக்குள் கையை நீட்டினார்.

"டீச்சர், கைய எடுங்க!" என்று சுடலைமுத்து அலறியபோது நேரம் கடந்திருந்தது. இலையோடு இலையாகக் கிடந்த பச்சைக் குழிவிரியன் பிரிசில்லாவின் மணிக்கட்டில் கடித்துவிட்டு இடுக்குக்குள் மறைந்தது.

சுடலைமுத்து பதறினாலும் செய்ய வேண்டியதைச் செய்தார். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றினார். கை அசையாமல் இருக்கத் துண்டால் தூளி கட்டினார். "ஒண்ணும் ஆவாது டீச்சர். கீழ ஜீப் நிக்கி. ஆனா காலையில தாண்டுன ஆத்துல தண்ணி ஏறுறதுக்குள்ள தாண்டிரணும். ஏறிட்டுன்னா நாளைக்கு வரைக்கும் அந்தப் பக்கம் போவ முடியாது."

அவர் பேராசிரியையை முதுகில் தூக்கிக்கொண்டார். சோலைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே மேகம் இறங்கியது, கூடவே மழையும். பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. யானைத்தடங்கள் நாலா பக்கமும் பிரிந்தன.

"தங்கச்சி, வழிக்குக் கட்டுன நாடா எங்க? ஒண்ணையும் காணுமே!"

சமீமாவின் முகம் வெளிறியது. சட்டைப் பைக்குள் கையை விட்டாள். மஞ்சள் நாடாக்கள் சுருள் சுருளாக வெளியே வந்தன. வழிக்குக் கட்ட வேண்டிய சிவப்பு நாடா அம்பாசமுத்திரம் கடையில் தீர்ந்துபோனதால், சதுரத்துக்கும் வழிக்கும் மஞ்சளையே கட்டியிருந்தார்கள். கடைசியில் வந்த அந்தப் புண்ணியவதி இரண்டையும் ஒன்றுவிடாமல் அவிழ்த்து, காட்டைப் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தாள்!

"நான்தான் அண்ணாச்சி... மிஸ் சொன்னாங்கன்னு எல்லாத்தையும்..." என்று அழத் தொடங்கினாள்.

"அழுவதுக்கு நேரமில்ல," என்றார் சுடலைமுத்து. கோபத்தை விழுங்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது. "ஜி.பி.எஸ். என்ன சொல்லுது?"

"ஈரம் ஏறி அணைஞ்சிட்டு."

"அப்ப இறக்கத்தப் பாத்து இறங்குவோம். எங்கயாவது ஆறு வரும்லா?"

"வேண்டாம்," என்று பிரிசில்லா முனகினார். "கிழக்க முழுக்கச் செங்குத்துப் பாறை. விழுந்தா எலும்புகூட மிஞ்சாது." அவருடைய கை முழங்கை வரை வீங்கி நீலம் பாரித்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க சமீமாவுக்கு ஒரே நினைப்புதான். இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்குத் தான்தான் காரணம். பாம்புகூட இல்லை, தான்தான்.

முதுகில் கட்டு அழுத்தியது. சட்டென்று அவள் நிமிர்ந்தாள்.

"மிஸ்! வழியில வெட்டுன கிளை எல்லாம் வரிசையாத்தான இருக்கு? கடைசியா வெட்டுனது மேல, மொதல்ல வெட்டுனது அடியில. ஒவ்வொண்ணா எடுத்து, அந்தச் செடியத் தேடிக்கிட்டே போனா..."

"கட்டைப் பிரிக்காத!" பிரிசில்லாவின் குரலில் எங்கிருந்தோ பலம் வந்தது. "இந்த மழையில பிரிச்சா அத்தனையும் அழுகிப் போயிரும். இன்னையோட அனுமதி முடியுது. திரும்ப விடுவாங்களோ மாட்டாங்களோ! நான் சொல்றதக் கேளு."

ஆய்வுக்குச் சேர்ந்த நாளிலிருந்து மிஸ் சொன்ன ஒரு சொல்லைக்கூட சமீமா மீறியதில்லை. அவள் கயிற்றின் முடிச்சில் பல்லை வைத்து இழுத்தாள். கட்டு அவிழ்ந்தது.

முதல் தாளில் காட்டு ஜாதிக்காய். மூவரும் கண்ணை இடுக்கித் தேடினார்கள். முட்டுக்கால் ஊன்றியது போன்ற வேர்கள். தாழ்ந்த கிளையில் சாய்வாக ஒரு புது வெட்டு, சிவப்புச் சாறு கசிந்தபடி. "இதுதான்!" அடுத்து மரப் பெரணி. அதற்கடுத்து பிரம்பு. தாள் ஒவ்வொன்றும் கையிலேயே நைந்து கூழானது. சமீமா நிற்கவில்லை.

காட்டு ஏலக்காய்ச் செடியில் வந்து மாட்டிக்கொண்டார்கள். பார்த்த பக்கமெல்லாம் அதேதான்! வெட்டுப்பட்ட தண்டு எது? ஒருவர் குரலுக்கு ஒருவர் குரல் கொடுத்தபடி தேடினார்கள். ஆற்றின் இரைச்சல் கேட்கத் தொடங்கியிருந்தது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

ஒரு மரத்தடியில் சாய்ந்திருந்த பிரிசில்லா கண்ணைத் திறந்தார். சமீமாவின் கையிலிருந்த நனைந்த தாளைப் பார்த்தார்.

"அது மேட்டுல வெட்டுனது. பக்கத்துல இடி விழுந்த மரம் ஒண்ணு நின்னுச்சு. இடது கைப் பக்கம் ஏறிப் பாரு."

சமீமா ஏறினாள், வழுக்கினாள், மறுபடி ஏறினாள். கருகிய மரம். அதன் காலடியில் சாய்வான வெட்டு! "கிடைச்சிட்டு மிஸ்! கிடைச்சிட்டு!"

அதன்பிறகு பிரிசில்லாவே ஒவ்வொரு தாளுக்கும் இடம் சொல்ல ஆரம்பித்தார். கட்டின் அடித்தாள் வந்தபோது அவர்கள் ஆற்றங்கரையில் நின்றார்கள். தண்ணீர் தொடை வரை ஏறியிருந்தது. சுடலைமுத்து பேராசிரியையைத் தூக்கிக்கொண்டு இறங்க, சமீமா பின்னாலிருந்து முட்டுக் கொடுத்தாள். கரையேறித் திரும்பிப் பார்த்தால், கால் ஊன்றித் தாண்டிய பாறை முழுகிப்போயிருந்தது!

சில நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் பிரிசில்லா எழுந்து உட்கார்ந்தார். வீக்கம் வடிந்திருந்தது. படங்களைப் பார்த்த வனத்துறை, மறு ஆய்வுக்கு அனுமதி தருவதாகச் சொல்லியிருந்தது.

"கட்டு?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூட மிஞ்சல மிஸ்."

"பூவையாவது பறிச்சியா?"

"இல்ல மிஸ். உங்களத்தான் பாத்தேன், அதப் பாக்கவே இல்ல."

பிரிசில்லா நல்ல கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் வகுப்பறைக் குரல்.

"அடுத்த மாசம் மறுபடி ஏறுறோம். நான் ஏதாவது சொன்னா, எதுக்குன்னு ஒரு வார்த்தை கேளு. கேக்காம தலையாட்டுனேன்னா உன்னக் கூட்டிட்டுப் போகமாட்டேன்."

"சரி மிஸ்" என்று சொல்ல வாயெடுத்த சமீமா நிறுத்திக்கொண்டாள்.

"எதுக்கு மிஸ் அடுத்த மாசம்? கை நல்லா ஆறட்டும். அதுக்கப்புறம் போவோம்."