ஆளில்லாத வெள்ளை அறை

தேகு நகர மருத்துவமனையின் பழைய தீக்காயப் பிரிவுக்கு, மெய்நிகர் காட்சி காட்டும் விஆர் கண்ணாடிப் பெட்டிகளோடு டாக்டர் ஹ்யோரின் வந்திறங்கியபோது பனி தூறிக்கொண்டிருந்தது. உள்ளே மருந்து நெடி. அதற்கும் அடியில், எத்தனை கழுவினாலும் போகாத ஒரு வாடை.

கட்டு மாற்றும்போது நோயாளிகள் துடித்துப்போவார்கள். கண்ணாடிக்குள் தெரியும் காட்சி அந்த வலியைக் குறைக்குமா என்பதுதான் ஆய்வு. பாதிப் பேருக்குப் பனிமலையும் பறவைகளும். மீதிப் பேருக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வெறும் வெள்ளை அறை. அதை ஹ்யோரினே வடிவமைத்திருந்தாள். சன்னல் இல்லை, ஒலி இல்லை, ஆள் இல்லை.

வெள்ளை அறைக் குழுவில் இருந்த வெல்டர் சாங்பேதான் முதலில் கேட்டார்.

"டாக்டரம்மா, மூலையில முதுகு காட்டி நிக்கிறாங்களே, அவங்க யாரு?"

"அங்க யாரும் இல்லீங்க."

"இருக்காங்க. தலமுடி பாதி கருகியிருக்கு."

மருந்து மயக்கம் என்று நினைத்தாள். மறுநாள் வேறொரு மாடியில் இருந்த பள்ளி ஆசிரியையும் அதையே சொன்னார். இருவரும் சந்தித்ததே இல்லை.

நாளுக்கு நாள் அந்த உருவம் மெல்லத் திரும்பியது.

முகம் தெரிந்த அன்று ஆசிரியைக்கு வலி அறவே நின்றது. கட்டைப் பிரிக்கும்போது சிரித்தார்.

மாலைக்குள் இறந்துபோனார்.

பிறகு இன்னொருவர். அதன்பின் ஒரு கல்லூரிப் பெண்.

"தீக்காய வார்டுல சாவு என்ன புதுசா?" என்றார் ஆய்வின் தலைவர் பேராசிரியர் தோக்சு. "பத்துக்கு ஒன்பதா இருந்த வலி பூஜ்யமாகுது. இதப்போய் நிறுத்தச் சொல்றியேம்மா."

"சார், அது நாம எதுவுமே குடுக்காத குழு."

ஹ்யோரின் அவரைக் கேட்காமல் நெறிமுறைக் குழுவிடம் போனாள். ஆய்வு நின்றது. கண்ணாடிகளை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

சாங்பே கெஞ்சினார்.

"ஒரே ஒரு தடவ மாட்டி விடுங்கம்மா. முக்கால்வாசி திரும்பிட்டாங்க. இந்த வலியோட என்னால முடியல."

அவள் தலையசைத்து மறுத்தாள். அன்று கட்டு மாற்றியபோது அவர் போட்ட கூச்சல் வராந்தா முழுக்கக் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மதியம், கட்டு மாற்றும் நேரத்தில், அவரது அறையிலிருந்து சத்தமே இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் வெறும் கண்களோடு படுத்திருந்தார். தாதி கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் புன்னகை.

"வலிக்கலையா?" ஹ்யோரின் குனிந்து கேட்டாள்.

"இல்லம்மா." அவர் பார்வை அவளுக்குப் பின்னால் நிலைத்திருந்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவங்க முகத்த மறைக்கிறீங்க."

அவள் பின்னங்கழுத்தில் சூடாக ஒரு மூச்சு பட்டது.