வரிசையை விட்டு வந்தவள்

பள்ளியில் அவளுக்குப் பெயர் ‘புதுசு’. போருக்குத் தப்பி, அம்மாவோடும் தம்பியோடும் இந்த ஊருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வயது பதின்மூன்று. வாய்க்கு மட்டும் முப்பது என்பாள் அம்மா.

தலைமையாசிரியரின் கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். அதனால் அவர் ‘விசில் சார்’. அபாயச் சங்கு ஊதினால் எல்லோரும் மைதானத்தில் உயர வரிசைப்படி நிற்க வேண்டும், அவர் தலைகளை எண்ணி முடித்த பிறகே நூலகத்துக்குக் கீழே இருக்கும் நிலவறைக்குப் போக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். இந்த ஊரில் இன்னும் ஒரு குண்டுகூட விழுந்ததில்லை. அதனால் அது யாருக்கும் தப்பாகப் படவில்லை.

முதல் ஒத்திகையிலேயே புதுசு தம்பியை இழுத்துக்கொண்டு நேரே நிலவறைக்கு ஓடிவிட்டாள். பயந்தாங்கொள்ளி என்று மைதானமே சிரித்தது. இரண்டு தலை குறைந்ததால் விசில் சார் மூன்று முறை எண்ண வேண்டியதாயிற்று. இன்னொரு தடவை வரிசையைக் கலைத்தால் இருவரையும் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். ஊரில் இருந்ததோ ஒரே பள்ளி.

“ஊரோட ஒத்துப் போடி,” என்று அம்மா கெஞ்சினாள்.

வியாழக்கிழமை, கணக்குப் பாடத்தின் நடுவே, நிஜமாகவே சங்கு ஊதியது.

மைதானத்தில் விசில் சார் எண்ணத் தொடங்கினார். முன்னால் நின்ற குட்டிப் பிள்ளைகள் வானத்தில் விமானம் தேடினார்கள். பள்ளி போய்விடுமே என்று புதுசு ஒரு கணம் தயங்கினாள். பிறகு விறுவிறுவென்று முன்னால் போய்த் தம்பியின் கையைப் பிடித்தாள்.

“எல்லாரும் கையைக் கோத்துக்குங்க. கீழே போறோம்.”

“வரிசைக்குப் போ,” என்றார் விசில் சார்.

“நீங்க எண்ணி முடிக்கிற வரைக்கும் விமானம் காத்துக்கிட்டு இருக்காது சார். எங்க பழைய பள்ளிக்கூடத்துலயும் வரிசையாத்தான் நின்னோம்.”

சொல்லிக்கொண்டே அவள் தம்பியோடு நிலவறையை நோக்கி ஓடினாள்.

குட்டிப் பிள்ளைகள் அவள் பின்னால் ஓடினார்கள். அடுத்து, அவளைக் கேலி செய்த பெரிய பிள்ளைகளும் ஓடினார்கள். கடைசியாக இறங்கிய விசில் சார் கதவைச் சாத்தியதும் தரை அதிர்ந்தது. மேலே ஜன்னல் கண்ணாடிகள் மைதானமெங்கும் உடைந்து விழும் சத்தம் கேட்டது.

சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. பிள்ளைகள் யார் மேலும் ஒரு கீறல்கூட இல்லை.

“நாளைக்கும் நான் பள்ளிக்கூடம் வருவேன் சார்,” என்றாள் புதுசு. அவள் அனுமதி கேட்கவில்லை.

விசில் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சீக்கிரமா வா. ஒத்திகை இருக்கு. நீதான் முன்னால போகணும்.”

“தம்பியும் வருவான்,” என்றாள் அவள்.