நூற்றுப் பதினெட்டாம் பக்கம்

வீட்டில் ‘வாலு’ என்று பெயரெடுத்தவள், ராணுவ மருத்துவமனைக்குள் நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டாள். அத்தனை அமைதி. பள்ளி விடுமுறை என்பதால் அத்தை அவளையும் அழைத்து வந்திருந்தார். அங்கே உதவிக்கு வரும் தன்னார்வலர்களுக்கு அத்தைதான் பொறுப்பாளர்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு சிப்பாய் படுத்திருந்தார். குண்டு வெடித்ததில் இரண்டு கண்களிலும் காயம், கட்டு. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. அன்று திங்கள்.

“மாமாவுக்குப் படிச்சுக் காட்டு,” என்று ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு அத்தை நகர்ந்தார்.

கடலுக்குப் போகும் ஒரு படகின் கதை. முதல் பக்கத்திலேயே ஒரு நீள வாக்கியத்தில் வாலுவுக்கு மூச்சு வாங்கியது. மீதியைச் சிப்பாய் கடகடவென்று ஒப்பித்தார்.

“எப்படித் தெரியும் மாமா?”

“பதினோரு பேர் படிச்சிட்டாங்க பாப்பா. தினம் ஒருத்தர் புதுசா வருவாங்க, முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிப்பாங்க. முப்பதாம் பக்கத்துல புயல் வரும். நேரமும் முடிஞ்சிடும்.”

“நீங்க சொல்லக் கூடாதா?”

“ஆசையா படிக்க வர்றவங்ககிட்ட எப்படிச் சொல்றது?” சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். “படகு கரை சேர்ந்துச்சான்னு தெரிஞ்சா, வியாழக்கிழமை நிம்மதியா உள்ளே போவேன்.”

வாலு புத்தகத்தை மூடிவைத்தாள். அத்தையிடம் ஓடினாள்.

“பதினோரு நாள் படிச்சிருக்கோமே!” அத்தை பெருமையாகப் பதிவேட்டைக் காட்டினார்.

“பதினோரு நாளும் அதே முப்பது பக்கம் அத்தை!”

அத்தையின் முகம் வாடியது. “நாங்க யாரும் அவரைக் கேக்கவே இல்லையே...”

வாலு தன் குட்டி நோட்டை நூலில் கட்டிக் கட்டிலில் தொங்கவிட்டாள். ‘நிறுத்திய பக்கத்தை இங்கே எழுதவும்.’ பிறகு நேராகப் புயலுக்குள் நுழைந்தாள். கிளம்பும்போது ‘54’ என்று எழுதினாள்.

செவ்வாயன்று படிக்க வந்த பேருந்து ஓட்டுநர் ‘83’ என்று எழுதினார். புதனன்று தையல்காரம்மா, ‘104’. அதற்குள் அத்தை எல்லாக் கட்டில்களிலும் நோட்டு கட்டிவிட்டார். வேறொரு கட்டிலில் இருந்தவர் தன் நோட்டில், ‘தயவுசெய்து இனிமேல் வாழைப்பழம் வேண்டாம். பேச்சுத் துணை போதும்’ என்று எழுதியிருந்தார்.

வியாழன் காலை மறுபடி வாலு படித்தாள். இரண்டே பக்கம் மீதி இருந்தபோது ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

“கொஞ்சம் பொறுங்க, ரெண்டே பக்கம்!” வாலு கெஞ்சினாள்.

“டாக்டர் காத்திருக்காரும்மா,” என்றார் நர்ஸ்.

சிப்பாய் அவள் கையைத் தேடிப் பிடித்தார். “எழுதி வை பாப்பா.”

‘118. மாமா வந்ததும் இங்கிருந்து.’ உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினாள்; எழுத்து கோணலாக வந்தது.

மாலையில்தான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பார்வை வருமா என்று தெரியப் பத்து நாளாகும் என்றார் டாக்டர். வாலு நாற்காலியை விட்டு அசையவில்லை.

வெகுநேரம் கழித்து அவருடைய உலர்ந்த உதடுகள் அசைந்தன.

“நூத்திப் பதினெட்டு.”

அவள் புத்தகத்தைத் திறந்தாள். படகு கரை சேர இன்னும் இரண்டு பக்கம்தான் இருந்தது.