முந்திப் பேசும் டாக்டர்

மாரீஸ்வரி கேள்வியைக் கேட்டு முடிக்கவில்லை. அதற்குள் திரையில் டாக்டர் இந்து தலையாட்டிவிட்டார்.

சின்ன விஷயம்தான். ஆனால் கம்பம்மெட்டுக்குப் பக்கத்து ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக நர்சாக இருப்பவளுக்கு அது சுருக்கென்றது. இங்கே பேசுகிற பேச்சு வானத்துச் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கித்தான் டாக்டரிடம் போகும். பதிலும் அப்படியே தாமதமாகத்தான் வரும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். நடுவில் ஒரு வார்த்தை விட்டால் இரண்டு குரலும் முட்டிக்கொண்டு எல்லாம் பாழ். அதனால் அவளுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. டாக்டர் சொன்னால் கை உடனே செய்துவிடும், சந்தேகமெல்லாம் அப்புறம்தான்.

போன வாரம் கம்பெனியிலிருந்து ஜோபி வந்து புதுப்பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். "தூரத்தைக் குறைக்க யாராலயும் முடியாது சேச்சி. அதனால டாக்டர் என்ன சொல்லும்னு பெட்டி முன்னாடியே ஊகிச்சுக் காட்டும். அசல் வந்து சேர்ந்ததும் பெட்டி விலகிக்கும்" என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இன்று கட்டிலில் படுத்திருப்பது அவள் புருஷன் அழகுமலை. தோட்டத்தில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து, கெண்டைக்கால் முழுக்கப் புண்ணாகி வீங்கிக் கிடந்தது. விடாத மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டுவிட்டது, ஜீப்பும் போகவில்லை. அந்தக் காலைக் காப்பாற்ற இந்தத் திரையை விட்டால் வேறு நாதியில்லை.

கட்டை அவிழ்த்தாள். சீ. புருஷன் கால்தான், இருந்தாலும் சீ. காயாத துணியின் புழுங்கல் வாடையும், பக்கத்து ஸ்டோரில் காய்கிற ஏலக்காயின் இனிப்பு வாசனையும், அவற்றுக்கு அடியிலிருந்து கிளம்பி வந்த சீழின் நாற்றமும் ஒன்றாகக் கலந்து, நாக்கில் படிந்து, எச்சிலை விழுங்கவே கூசுகிற மாதிரி தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. எத்தனையோ புண்களைக் கழுவியவள்தான். அவளே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓங்கரித்தாள்.

"உள்ளே அட்டை இருக்கு. ஃபோர்செப்ஸ் வச்சு எடுங்க" என்றார் டாக்டர்.

அட்டை தோலின் மேல்தான் ஒட்டும். சதைக்குள் புகுந்து குடியிருந்து அவள் கேள்விப்பட்டதே இல்லை. கேட்க வாயெடுத்தாள். குரல் முட்டிக்கொள்ளுமே என்று பழக்கம் வாயை அடைத்துவிட்டது.

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. இந்த அறையை, இவளை, அந்தக் காலைக் காட்டுவது. அதில் அவளுடைய ஃபோர்செப்ஸ் புண்ணிலிருந்து கறுப்பாக எதையோ பற்றி இழுத்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். ஃபோர்செப்ஸ் இன்னும் மேஜைமேல்தான் இருந்தது.

அதையும் பெட்டி ஊகிக்கிறது போலிருக்கிறது, பெரிய சாமர்த்தியம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எடுத்துப் புண்ணுக்குள் விட்டாள். கறுப்பாக, கொழகொழவென்று, விரல் நீளத்துக்கு ஒன்று வந்தது. டிரேயில் விழுந்து நெளிந்தது. டாக்டர் சொன்னது சரிதான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"இன்னும் இருக்கு."

எடுத்தாள்.

"இன்னும் இருக்கு. போதும்னு சொல்வாரு, காதுல போட்டுக்காதீங்க."

அதற்குப் பிறகுதான் அழகுமலை வாய் திறந்தான். கூரையைப் பார்த்தபடியே, "போதும் மாரி" என்றான்.

"ரொம்ப வலிக்குதா?"

"வலியே இல்ல. அதான் பயமாருக்கு."

அவள் நிறுத்தியிருக்க வேண்டும். கை நிற்கவில்லை. டாக்டர் சொல்லச் சொல்ல எடுத்துக்கொண்டே இருந்தாள். டிரே நிறைந்தது. கெண்டைக்காலின் வீக்கம் வடிந்தது. வடிந்துகொண்டே போனது. தோல் மடிந்தது. காலைத் தாங்கியிருந்த இடது கைக்குக் கனமே தெரியவில்லை. வெறும் துணிப்பை மாதிரி தொளதொளவென்று தொங்கியது.

டிரேயைப் பார்த்தாள்.

எதுவும் நெளியவில்லை. சிவப்பு. நார் நாராக. ஒன்றின் நுனியில் வெள்ளையாக நரம்பு. கறிக்கடையில் பார்த்த அதே சதை. அட்டை ஒன்றுகூட இல்லை.

ஸ்பீக்கர் கரகரத்தது. டாக்டர் இந்துவின் குரல்தான். ஆனால் எங்கோ தூரத்திலிருந்து, மூச்சு வாங்க.

"மாரீஸ்வரி? லைன் இப்பத்தான் கிடைச்சுது. காலையிலிருந்து கூப்பிடறேன். அங்க யாருக்கு என்ன?"

திரையில் இருந்த டாக்டரின் வாய் அசையவில்லை. அது சிரித்துக்கொண்டிருந்தது.

"டாக்டர்..." என்றாள் மாரீஸ்வரி. வாயெல்லாம் அந்த நாற்றம். "டாக்டர், இவரு கால்..."

"கேக்கலை. எதையும் தொட்டுடாதீங்க, நான்..."

"இன்னும் இருக்கு" என்றது திரை.

"மாரி, என்னைப் பாரு" என்றான் அழகுமலை.

அவள் அவனைப் பார்க்கவில்லை. மூலைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள் ஃபோர்செப்ஸைக் கீழே போட்டுவிட்டிருந்தாள். அங்கே அவளுடைய வலது கை முழங்கைவரை அந்தத் தோலுக்குள் போயிருந்தது. முழங்காலைத் தாண்டி, தொடைக்குள், மேலே மேலே எதையோ துழாவிக்கொண்டிருந்தது.

தரையில் ஏதோ உலோகம் விழுந்த சத்தம் கேட்டது.

விரல்களில் கதகதப்பாக ஈரம் பட்டது.