சட்டத்தில் ஒரு சொல்

லவீனியாவின் அப்பா பேசத் தொடங்கினால் அடுப்பிலிருக்கும் தட்டைப்பயறுகூட அடிப்பிடித்துவிடும். அவர் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் கூடும் மாநிலச் சட்டசபையின் உறுப்பினர். மறுநாள் சபையில் பேச வேண்டியதைச் சாப்பாட்டு மேசையிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா ஐஷம் பெட்டிஃபோர்ட் அடிமையாகப் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது, அடிமைகள் படித்தால் சவுக்கடிதான். விடுதலைக்குப் பிறகுதான் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டார். இப்போது, கறுப்பினத்தவருக்கு அரசே ஒரு கல்லூரி கட்ட வேண்டும் என்று மசோதா கொண்டுவந்திருந்தார்.

“கறுப்பின ஆண்களின் உயர்கல்விக்காக...” என்று வாசித்தார்.

லவீனியா சோளரொட்டியைக் கீழே வைத்தாள். அந்தக் கல்லூரியில் படித்து ஆசிரியை ஆகப்போவதாகத் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

“அப்பா, அதுல நான் இல்லையா?”

“இருக்கே கண்ணு! சட்டத்துல ஆண்கள்னு எழுதினா பெண்களும் சேர்த்திதான்.”

“ஓட்டுச் சட்டத்துலயும் ஆண்கள்னுதானே இருக்கு? அப்போ அடுத்த தேர்தல்ல அம்மாவும் ஓட்டுப் போடலாமா?”

“பதில் சொல்லுங்க, பிள்ளை கேக்குறா இல்ல?” என்றார் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. “மசோதாவே இழுபறியில கிடக்கும்மா. சொல்லை மாத்தினா இருக்கிற ஆதரவும் போயிடும். பெண்கள் விஷயத்தை அப்புறம் பாத்துக்கலாம்.”

“நீங்க ஓட்டு கேட்டப்போ வெள்ளைக்காரங்க உங்களுக்கும் அப்படித்தானேப்பா சொன்னாங்க?”

அப்பா கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்தார். மகள் சொன்னது அவருக்கு வலித்தது, ஏனென்றால் அது உண்மை.

மறுநாள் லவீனியாவும் அம்மாவும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே அப்பா எழுந்தார். “கறுப்பின ஆண்கள், பெண்கள் இருபாலரின் உயர்கல்விக்காக...”

ஓர் உறுப்பினர் துள்ளி எழுந்தார். “பொம்பளைப் பிள்ளைக்குக் கல்லூரி எதுக்குய்யா? யார் சொன்ன யோசனை இது?”

சபையே சிரித்தது. லவீனியா மாடத்தின் விளிம்புக்கு நகர்ந்து அப்பாவை எட்டிப் பார்த்தாள். தன்னால் கல்லூரியே இல்லாமல் போய்விடுமோ?

“என் மகள் சொன்னது. அதோ மேலே இருக்கா” என்றார் அப்பா. “ஆண்கள்னு மட்டும் எழுதிட்டு நான் எப்படி அவ முகத்துல முழிக்கிறது? உங்க வீட்டுல மகள் இருந்தா நீங்களே சொல்லுங்க.”

சிரிப்பு அடங்கியது. பலர் வீட்டில் மகள்கள் இருந்தார்கள்.

ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் சபைத்தலைவர். ஒருவர், இருவர் என்று எழுந்தார்கள். லவீனியா எண்ணத் தொடங்கினாள். கண்ணீர் வந்து எண்ணிக்கை குழம்பிப்போனது.

“மசோதா நிறைவேறியது!”

அவள் படபடவென்று கைதட்டினாள். மாடத்தில் கைதட்டக் கூடாது என்று காவலர் ஓடிவந்தார். அதற்குள் அம்மாவும் தட்டத் தொடங்கியிருந்தார்.