வெட்டியெறிந்த பதினொரு நிமிஷம்

பதிவு ஓடி முடிந்து, டைமரும் நின்ற பிறகு, சார்ட்டின் மேல் அம்புக்குறி ஒரு விரற்கடை நகர்ந்தது.

திலக்ஷன் மவுஸைப் பார்த்தான். அவன் கை அதன்மேல் இல்லை. பால் விடாத பிளேன்டிக் கோப்பையைப் பிடித்திருந்தது.

பிற்பகல் மூன்று மணிதான். ஆனாலும் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் அந்த நேரத்துக்கே மூடுபனி மலையிலிருந்து இறங்கி, லயத்து வரிசை வீடுகளின் வாசலைத் தாண்டி, ஜன்னலில் அடித்திருந்த பொலித்தீன் தாளில் ஈரமாகப் படிந்து, அறைக்குள் கொஞ்சம் சாம்பல் வெளிச்சத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது. தகரக் கூரையில் தூறல் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து ஈர விறகின் புகையும், கீழே ஃபெக்டரியிலிருந்து வாடிய கொழுந்தின் பச்சை வாடையும் கலந்து வந்தன. எல்லாம் தினமும் இருக்கிற மாதிரியேதான் இருந்தன. அந்த ஒரு விரற்கடை நகர்வைத் தவிர.

வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு விலைச் சார்ட் புரோகிராம் எழுதிக் கொடுப்பது அவன் தொழில். திரையில் பச்சையும் சிவப்புமாக மெழுகுதிரிகள் போல விலைகள் வரிசையாக நிற்கும். ஆள் மவுஸை அசைத்தாலும் அமுக்கினாலும் புரோகிராம் அதைப் பிடிக்க வேண்டும். அதே சமயம் டைமர் ஒன்று இடைவிடாமல் தட்டித் தட்டி விலையைப் புதுப்பிக்க வேண்டும். டைமரின் வேகத்தைக் கூட்டினால் கிளிக்குகள் வரிசையில் காத்துக் கிடந்து, இடமில்லாமல் உதிர்ந்துபோகும். எத்தனை உதிர்கின்றன என்று சோதிக்க, ஒரு மனிதக் கை மணிக்கணக்காக அசைந்த பதிவு வேண்டும் என்று கேட்டிருந்தார் அந்த வெளிநாட்டுக்காரர்.

அந்தக் கை லோஜினியக்காவுடையது.

இரண்டு காம்பரா தள்ளியிருந்த மூக்கனின் மனைவி. இருபது வருஷம் கொழுந்து கிள்ளிய விரல்கள் மவுஸையும் அப்படியே பிடித்தன. அம்புக்குறி ஒரு மெழுகுதிரியின் நுனிக்குத் தாவும், ஒரு கிள்ளு கிள்ளும், அடுத்ததுக்குப் போகும். அவளுக்கே சிரிப்பு வந்தது. "மழையில நனையாம கொழுந்தெடுக்கிறேன் தம்பி" என்றாள்.

"முடியலன்னா இந்தச் செவப்புப் பட்டன அமுக்குங்கக்கா. என் போன்ல மணியடிக்கும்" என்று சொல்லியிருந்தான்.

பதிவு எடுத்த அன்று காலையில்தான் டைமரை நூறு மடங்கு வேகப்படுத்தியிருந்தான். அந்த வேகத்தில் பட்டனுக்குக் காது கேட்காமல் போகலாம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

இரண்டு மணி நேரம் போனதும் அவள் திரும்பிப் பார்த்தாள். "தம்பி, கை மரத்துப் போவுது. நெஞ்சுல என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு."

"கொஞ்சம் பொறுத்துக்கங்கக்கா. பாதியில நிறுத்தினா மொதல்லருந்து எடுக்கணும்."

வெளிநாட்டுக்காரர் போனில் வந்தார். சிக்னலுக்காகத் தண்ணித் தொட்டிப் பக்கம் ஏறிப்போனான். பேசினான், சிரித்தான். போனில் மணி எதுவும் அடிக்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் தலை மேசைமேல் கிடந்தது. கை மட்டும் மவுஸை விடவில்லை.

ஓடிவந்த மூக்கனிடம் அவன் சொன்னது வேறு. "திடீர்னு தண்ணி கேட்டாங்க மூக்கண்ணே. குடுத்தேன். ஒரு மொடக்குக் குடிச்சிட்டு அப்படியே சாஞ்சிட்டாங்க." அந்த ஒரு மொடக்குத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான் அவள் செத்த இந்தப் பதினைந்து நாளும் அந்த மனுஷன் கண்ணை மூடித் தூங்குகிறான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

அவன் வெளியே நின்ற பதினொரு நிமிஷமும் பதிவில் இருந்தது. திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்தத் துண்டை மட்டும் வெட்டி அழித்துவிட்டு மிச்சத்தை அனுப்பிவைத்தான். நல்ல கை, உயிரோட்டமாக இருக்கிறது என்று பதில் வந்தது.

இப்போது ஓடி முடிந்திருந்தது அந்த மிச்சம்தான்.

அம்புக்குறி மறுபடி நகர்ந்தது.

ஒரு மெழுகுதிரியின் நுனியைத் தொட்டது. கிள்ளவில்லை. நடுங்கியது. வழுக்கிக் கீழே சரிந்தது, தட்டுத்தடுமாறி ஏறியது, ஓரமாக ஊர்ந்து ஊர்ந்து சிவப்புப் பட்டனுக்கு வந்து நின்றது.

அமுக்கியது.

கீழே, உதிரும் கிளிக்குகளைக் குறிக்கும் பட்டியலில் ஒரு வரி விழுந்தது. கிளிக். உதிர்ந்தது.

இன்னொரு தரம். கிளிக். உதிர்ந்தது.

கோப்பையைக் கீழே வைக்கப்போய்ச் சிந்தினான். டைமரைப் பார்த்தான். நின்றுதான் இருந்தது. புரோகிராமை மூடப் பார்த்தான், மூடவில்லை. மவுஸின் வயரைப் பிடுங்கி எறிந்தான். வரிகள் விழுந்துகொண்டே இருந்தன. முதலில் நிதானமாக. பிறகு அவசரமாக. பிறகு, விரலில் பலமில்லாதவர் அமுக்குவது போல, விட்டு விட்டு.

இத்தனை தரமா கூப்பிட்டாள்?

கையால் மவுஸைப் பொத்தினான். அதை அடக்கிவிட்டால் போதும் என்று தோன்றியது.

மவுஸ் சூடாக இருந்தது.

எடுக்கப் பார்த்தான். கை வரவில்லை. மேலே ஏதோ பாரம்.

"தம்பி?"

வாசலில் மூக்கன். மடக்காத குடை. தோளில் ஈரச் சாக்கு. மழித்த தலையில் மழைத்துளிகள்.

"நாளைக்குக் கருமாதி. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க முன்னுக்கு நிக்கணும். அவளுக்குக் கடைசித் தண்ணி குடுத்த கை உங்க கை."

திரையில் வரிகள் விழுந்தன.

"நான் குடுக்கல" என்றான் திலக்ஷன்.

"என்ன தம்பி?"

"தண்ணி குடுக்கல மூக்கண்ணே. அவங்க கேக்கவும் இல்ல. நெஞ்சடைக்குதுன்னு சொன்னாங்க, நாந்தான் ஒக்கார வச்சேன். அந்தப் பட்டன் வேலை செய்யாதுன்னு எனக்குத் தெரியும். கூப்புட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. நான் மேல நின்னு சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டான். அடிப்பான் என்று காத்திருந்தான். அடித்தால் நல்லது என்றிருந்தது.

மூக்கன் அடிக்கவில்லை. அவனைப் பார்க்கவே இல்லை. மூக்கனின் கண்கள் அவன் தலைக்குச் சற்று மேலே, வலது தோளுக்குப் பின்னால் நின்றன. உட்கார்ந்திருப்பவன்மேல் ஒருவர் குனிந்து நின்றால் முகம் இருக்கும் இடத்தில்.

குடை நழுவி விழுந்தது.

"லோஜினி" என்றான் மூக்கன், பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிற குரலில். "ஏம்புள்ள இவ்வளவு நேரம் குனிஞ்சு நிக்கிற?"

தூறல் சத்தம் நின்றுபோனது.

திலக்ஷன் திரும்பவில்லை. கழுத்தில் ஈரக் கூந்தல் சரிந்து விழுந்தது. காதோரம் மூச்சு இல்லை. மேசையில், அவன் கைமேல், நகக்கண்களில் கொழுந்துக் கறை ஏறிய ஐந்து சாம்பல் விரல்கள் மெல்லத் தெரிந்தன. அவன் விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் புகுந்து இறுகின.