சும்மா இருந்தாலும் தொண்ணூறு

அணைத்து வைத்திருந்த கம்ப்யூட்டர் சுட்டது.

மேசையைத் துடைக்கப் போன லூர்துமேரியின் புறங்கை அந்தக் கறுப்புப் பெட்டியின் தகரத்தில் தற்செயலாகப் பட்டது. விழுப்புரத்து மருத்துவமனையில் பதினோரு வருடமாகக் காய்ச்சல் நெற்றிகளைத் தொட்டுப் பழகிய நர்ஸின் கை அது, பொய் சொல்லாது. திரையில் வெளிச்சமில்லை, விசிறிகள் ஓடவில்லை. காலையிலிருந்து தான் அதைத் தொடவே இல்லை என்று, அதே அறையில் பாய் போட்டுப் படுத்திருந்த அவள் புருஷன் அலெக்ஸ் கண்ணைத் திறக்காமலே சொன்னான். கேட் சத்தம் கேட்டதும் அணைத்துவிட்டுப் பாயில் விழுந்திருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கேம் ஆடி, அதைத் தன் சேனலில் நேரலையாகக் காட்டிப் பிழைப்பவன் அலெக்ஸ். ஆடுவதே வேலையாக இருப்பவன், ஆடவில்லை என்று ஏன் பொய் சொல்ல வேண்டும்? மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம். ஒரு மாதமாக அவன் அவள் பக்கத்தில் படுப்பதில்லை. கை பட்டால் விலகிக்கொள்கிறான். திண்டிவனமே கத்திரி வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது இந்த மகராசன் போர்வை கேட்கிறான். ஏழு வருடமாகப் பிள்ளை இல்லாவிட்டாலும் இவன் ஒருத்தன் போதும் என்று இருந்தவள் லூர்துமேரி. அந்த ஒருத்தனும் எவளிடமோ போய்க்கொண்டிருக்கிறான் என்று நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மெஷினில் கோளாறு இருந்தது என்னவோ உண்மைதான். ஆட்டத்தின் நடுவே சூடேறி நின்றுவிடும். மேம்பாலத்தடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வல்லரசு மூன்று தடவை வந்து பார்த்தான். முதல் தடவை ப்ளோயர் வைத்துத் தூசி ஊதினான். ஊதும் அளவுக்குத் தூசியே இல்லை. அடுத்த தடவை கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் மேல், சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்து காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்தெடுத்து, அரிசி மணி அளவு புதிது வைத்து, அதன் மேல் விசிறியைத் திருகி இறுக்கினான். மூன்றாம் தடவை அந்த விசிறியையே மாற்றினான். சூடு மட்டும் இறங்குவதாக இல்லை.

கேட்டுக்கு வெளியே வந்து அவன் குரலைத் தாழ்த்தினான்.

"யக்கா, ஒண்ணுமே ஓட்டாம சும்மா கெடக்கும்போதே தொண்ணூறு டிகிரி காட்டுது. ப்ராசஸர கழட்டிக்கினு போய் என் கடையில வேற மெஷின்ல போட்டுப் பார்த்தேன், நாப்பதத் தாண்டல. இங்க கொண்டாந்து மாட்டினா ஏறுது. ஒரே பேஜாரா இருக்குது."

நிமிடத்துக்கு நிமிடம் சூட்டைக் குறித்துவைக்கும் ஒரு சாஃப்ட்வேரை அதில் போட்டிருப்பதாகவும் சொன்னான். அந்தக் கணக்கு தன் போனுக்கும் வரும்படி செய்துவிட முடியுமா என்று லூர்துமேரி கேட்டாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ஊரில் நாலு வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவனுக்கு நாலு வீட்டுக் கதையும் தெரியும்.

வார்டில் காய்ச்சல் அட்டையைப் படிப்பதுபோல், போனுக்கு வந்த அந்தக் கணக்கைப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவளோடு அலெக்ஸ் கோயிலுக்கு வந்த இரண்டு மணி நேரம், ஓடிக்கொண்டிருந்த மெஷின் முப்பத்தெட்டிலேயே கிடந்தது. அவன் வீடு திரும்பி அறைக்குள் போன பத்தாவது நிமிடம் தொண்ணூறு. கேம் எதுவும் ஓடவில்லை என்றும் அதிலேயே இருந்தது. ஆட்டமில்லாமல், இவன் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஏறுகிற சூடு. நெருப்பில்லாமல் புகையுமா? யாரோ ஒருத்தி இருக்கிறாள், திரை வழியாக வருகிறாள் என்று முடிவு கட்டினாள்.

செவ்வாய்க்கிழமை தலைவலி என்று சொல்லி அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பதினொன்றரை மணிக்குக் கேட்டைத் தொடாமல் சுற்றிவந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். தெரு வெயிலைவிட வீட்டுக்குள் புழுங்கியது. சூடான தகரமும் பிளாஸ்டிக்கும் கலந்த நெடி சமையலறை வரை வந்து நின்றது, அதற்கடியில் இன்னொரு வாசனை, நாள்பட்ட காய்ச்சல்காரரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது போர்வைக்குள்ளிருந்து எழும் வாசனை. அவளுக்கு அது அன்றாடம் பழகியது. வீட்டில் அது எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை.

அறைக்குள் அலெக்ஸ் பேசிக்கொண்டிருந்தான். ஒரு மாதமாக அவளிடம் பேசாத குரலில், அத்தனை அன்பாக.

"எடுத்துக்கோ. இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோ."

கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தாள். ஆத்திரத்தில் கதவைத் தள்ளினாள்.

யாரும் இல்லை. திரை இருட்டாக இருந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பெட்டியின் தகரத்தோடு ஒட்டிவைத்திருந்தான் அலெக்ஸ். உதடு நீலமாக இருந்தது.

பெட்டியின் பிளக் சுவரில் இல்லை. வயர் சுருண்டு அவன் காலடியில் கிடந்தது.

அவன் கழுத்தில் அவள் கை வைத்தாள். இத்தனை குளிர்ச்சியான உடம்பை அவள் தொட்டது சவக்கிடங்கு வாசலில்தான். கைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து அக்குளில் வைத்தாள். எண் வரவில்லை. 'குறைவு' என்பதற்கான எழுத்து மட்டும் வந்தது.

போன் அதிர்ந்தது. தொண்ணூற்றெட்டு.

மின்சாரம் இல்லாத மெஷினிலிருந்து.

"எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்." அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"குளுருது மேரி. இதாண்ட உக்காந்தாதான் கொஞ்சம் சூடா இருக்குது."

அது உறிஞ்சிக்கொண்ட தன் உடம்புச் சூட்டிலேயே அவன் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. எவளோ ஒருத்தியாக இருந்திருக்கக் கூடாதா என்று மனம் அழுதது. அக்குளுக்குள் கை கொடுத்து இழுத்தாள். ஒரு அடி. மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினாள். நாற்பது. இன்னொரு அடி. இருபத்தாறு. வாசற்படி. பன்னிரண்டு. அவன் தலை அவள் தோளில் தொங்கியது.

வேறு வழி தெரியவில்லை. திரும்ப இழுத்துவந்து பெட்டியில் சாய்த்தாள். மூச்சு வந்தது. கண் திறந்தான்.

அவனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். இடது கையால் அவன் மணிக்கட்டில் நாடியைத் தேடினாள். விழாமல் இருக்க வலது கையைத் தகரத்தில் ஊன்றினாள்.

மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. இடம் மாற்றிப் பார்த்தாள். கழுத்து. மார்பு. ஒன்றும் இல்லை.

அலெக்ஸ் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"இப்ப பரவால்ல," என்றான்.

வலது உள்ளங்கைக்கு அடியில், கதகதப்பான தகரம் மெல்ல உப்பி உப்பித் தணிந்தது. பழக்கத்தில் அவள் உதடுகள் எண்ணத் தொடங்கியிருந்தன. எழுபது. எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. தகரத்தில் ஊன்றிய அவள் விரல் நுனிகள் குளிர்ந்து மரத்துக்கொண்டு வந்தன.